பாட்டியின் மரப்பாச்சியும் பேரரசரின் நாற்காலியும்

நவராத்திரிக்காகப் பரணிலிருந்து கொலுப் பெட்டியை இறக்கினேன். மேலாகவே கிடந்தது பாட்டியின் மரப்பாச்சி ஜோடி. ஒரு சாண் உயரம்கூட இல்லை. கையில் எடுத்தால் கல்லாய்க் கனக்கும். செம்மரத்தில் செய்தது. சிறு வயதில் எங்களுக்கு எங்காவது வீக்கம் கண்டால், பாட்டி அந்தப் பொம்மையைத்தான் கல்லில் இழைத்துப் பற்றுப் போடுவாள். அதே மரத்தில் செய்த நாற்காலிகளில் சீனப் பேரரசர்கள் உட்கார்ந்திருந்தார்கள் என்பது, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் எனக்குத் தெரிய வந்தது.

நான் புதுச்சேரியில் தாத்தா வீட்டில் தங்கிப் பிரெஞ்சு வழியில் படித்தவன். ஒருநாள் வாத்தியார் ஒரு படம் காட்டினார். பல மடிப்புகள் கொண்ட கறுப்புத் தட்டி, மேலெல்லாம் வண்ணச் சித்திரம். "பராவான் தெ கொரோமாந்தெல்" என்றார். சோழமண்டலம்தான் ஐரோப்பியர் வாயில் கொரோமாந்தெல் ஆயிற்று என்றும் சொன்னார். நம் கரைச் சரக்கு! எனக்குப் பெருமை தாங்கவில்லை. விடுமுறைக்கு மரக்காணம் வந்ததும், உப்பளத்தில் கணக்கெழுதிக்கொண்டிருந்த அப்பாவிடம் அதைத்தான் முதலில் சொன்னேன்.

உண்மை வேறு. அந்தத் தட்டிகள் 17-ஆம் நூற்றாண்டு முதல் சீனாவில் செய்யப்பட்டவை. பலகைமேல் ஒருவகை மரத்துப் பாலாலான மெருகை அடுக்கடுக்காகப் பூசி, அதைச் செதுக்கி, குழிகளில் வண்ணம் நிரப்புவார்கள். கம்பெனிக் கப்பல்கள் அவற்றை நம் கரைத் துறைமுகங்கள் வழியாக ஐரோப்பாவுக்கு ஏற்றிச் சென்றதால் நம் பெயர் ஒட்டிக்கொண்டது.

செம்மரத்தின் கதை இதற்கு நேர் எதிர். பொருள் நம்முடையது, பெயர் அவர்களுடையது. சீனர்கள் அதை 'ஸிதான்' என்பார்கள். 2000-ல் வெளியான அவர்களுடைய அரசுத் தரநிலையும் ஸிதான் என்பது இந்த மரமே என்கிறது. இது இயற்கையாக வளர்வது கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில்தான். கடப்பை, சித்தூர், நெல்லூர்ப் பக்கங்களிலும் அதையொட்டிய நம் எல்லையிலும் காணலாம்.

மிக மெதுவாக வளரும் மரம். தண்ணீரில் போட்டால் மூழ்கும். முதிர்ந்த மரத்தின் உள்ளே பொந்து விழுவதால் அகலப் பலகை கிடைப்பது அரிது. ஆனால் இழை அத்தனை நெருக்கம். டிராகனின் செதிலை ஒவ்வொன்றாகச் செதுக்கினாலும் ஓரம் சிதறாது. 1735 முதல் 1796 வரை ஆண்ட சியென்லுங் பேரரசருக்கு இதன்மேல் தனி மோகம். அரண்மனைப் பட்டறைத் தச்சர்கள் ஒரு கட்டையின் முனையை இன்னொன்றின் துளையில் இறுக்கிப் பொருத்துவார்கள், ஆணியை நம்ப மாட்டார்கள். ஐந்து நகமுள்ள டிராகன் பேரரசருக்கு உரியது. நம் தேர்த் தச்சர் யாளிக்குக் கொடுத்த கவனத்தை அவர்கள் டிராகனுக்குக் கொடுத்தார்கள்.

அந்த மோகம் இன்னும் தீரவில்லை. 1995-ல் செம்மரம் சைட்டீஸ் என்னும் பன்னாட்டு ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. கடத்தல் நிற்கவில்லை. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் 20 தமிழர்கள் ஆந்திர அதிரடிப் படையால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரிப் பக்கத்துக் கூலிகள். சீன நாற்காலியைக் கண்ணால்கூடப் பார்த்திராதவர்கள்.

அனுப்புநர், பெறுநர் இரண்டும் இல்லாத தாளை எங்கள் ஆபீசில் வாங்க மாட்டோம். இந்த மரத்தின் கோப்பில் பெறுநர் பெயர் மட்டும் பளிச்சென்று இருக்கிறது, பேரரசர் என்று. மலையில் ஏறி வெட்டியவன் பெயர் இருக்க வேண்டிய இடம் வெற்றிடம்.

மரப்பாச்சியைத் துடைத்து மேல்படியில் வைத்தேன். எடுத்துக் கொடுத்த பேத்தி கேட்டாள்: "ஏன் தாத்தா இவ்வளவு கனம்?"

கொலு முடிவதற்குள் இதை அவளுக்குச் சொல்லியாக வேண்டும்.