உழவுமாட்டிலிருந்து வாக்யூ வரை: ஒரு துண்டு இறைச்சியின் விலை

பூவரசங்குளம் சந்தியில தேத்தண்ணி குடிச்சுக்கொண்டிருக்கேக்க ஒருத்தரின்ர போனில ஒரு வீடியோ ஓடினது. ஜப்பான்காரர் ஒருவர் உள்ளங்கையளவு மாட்டிறைச்சித் துண்டொன்றை இரும்புத் தட்டில வாட்டுறார். சிவப்பிறைச்சி முழுக்க வெள்ளைக் கொழுப்பு வலைமாதிரி ஓடிக்கிடக்குது. கீழே விலை போட்டிருந்தது. “இந்தக் காசுக்கு இஞ்ச ஒரு கன்றே வாங்கலாமே!” என்று ஒருத்தர் சொல்ல, எல்லாரும் சிரிச்சம். எங்களுக்குள்ள மாட்டிறைச்சி சாப்பிடுற ஆக்களும் இருக்கினம், வாசனையே பிடிக்காத ஆக்களும் இருக்கினம். ஆனா கேள்வி ஒன்றுதான்: ஒரு மாடு எப்படி இந்த விலைக்கு வந்தது?

தேடிப் பார்த்தபோது முதலில் கண்ணில் பட்டது, ஜப்பானியர் ஆயிரம் வருடங்களுக்கு மேலாகப் பெரும்பாலும் மாட்டிறைச்சியைத் தவிர்த்தவர்கள் என்பதுதான். 675 இல் தென்மு பேரரசர் மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி ஆகியவற்றின் இறைச்சியைத் தடைசெய்தார். பௌத்தம் ஒரு காரணம். ஆனால் அந்தத் தடை ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரைக்கும்தான், அதாவது வயல் வேலைக் காலத்துக்கு. உழுகிற மாட்டை அடிச்சுச் சாப்பிட்டால் அடுத்த போகத்துக்கு என்ன செய்யிறது? இந்தக் கணக்கு வன்னியில யாருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

1868 இல் கோபே துறைமுகம் வெளிநாட்டாருக்குத் திறக்கப்பட்டது. 1872 இல் மெய்ஜி பேரரசர் தானே மாட்டிறைச்சி உண்டதாக அறிவிக்கப்பட்டது. வெள்ளைக்காரரைப்போல உடலும் நாடும் பலமாக வேண்டும் என்பது அக்கால ஆசை. அதே ஆசையில் 1900 அளவில் ஷார்ட்ஹார்ன், சிமென்டால், பிரவுன் ஸ்விஸ் போன்ற ஐரோப்பிய இனங்களைக் கொண்டுவந்து நாட்டுமாடுகளோடு கலந்தார்கள். பிறந்த கன்றுகள் பெரிசா வளர்ந்தன. ஆனால் வயலில் சுறுசுறுப்பில்லை, இறைச்சியும் திறமில்லை. பத்து வருடத்தில் அந்த மோகம் அடங்கியது. அதன்பிறகு நல்ல மாடுகளைத் தெரிந்து, பதிந்து, வம்சம் எழுதத் தொடங்கினார்கள். 1944 இல் கறுப்பு, பழுப்பு, கொம்பில்லாதது என மூன்று இனங்களும், 1957 இல் ஜப்பானிய ஷார்ட்ஹார்னும் தனி இனங்களாக ஏற்கப்பட்டன. இந்த நான்குக்கும் சேர்த்துத்தான் ‘வாக்யூ’ என்று பெயர். ‘ஜப்பானிய மாடு’ என்பதைத் தவிர அதற்கு வேறு அர்த்தமில்லை.

1950களில் கையால் பிடித்து உழும் சின்ன உழவு இயந்திரங்கள் ஜப்பானிய வயல்களுக்குள் இறங்கின. எருதுக்கு வேலை போனது. அதை வைத்திருக்க ஒரே வழி, இறைச்சிக்கு வளர்ப்பது. 1991 இல் இறக்குமதிக் கட்டுப்பாடு தளர, அமெரிக்க, அவுஸ்திரேலிய மலிவு இறைச்சி வந்து குவிந்தது. விலையில் அதோடு மோத முடியாத ஜப்பானிய விவசாயிகள் தசைக்குள் ஓடும் கொழுப்பை இன்னுமின்னும் கூட்டி, தரத்தில் மோதினார்கள்.

அப்ப விலைக்கு என்ன காரணம்? முதலாவது காலம். கன்றை ஒருவர் எட்டு, பத்து மாதம் வளர்த்து ஏலத்தில் விற்க, இன்னொருவர் வாங்கி, முப்பது மாத வயது வரை தானியமும் வைக்கோலும் போட்டுக் கொழுக்கவைக்கிறார். தானியத்தில் பெரும்பகுதி இறக்குமதி. பீர் பருக்குவது, மசாஜ் செய்வது எல்லாம் அங்கொன்று இங்கொன்றாக நடந்ததைப் பெருப்பித்த கதை.

இரண்டாவது தரம் பிரித்தல். ஆறாம் ஏழாம் விலா எலும்புகளுக்கிடையில் வெட்டி, கொழுப்பு ஓட்டம், இறைச்சியின் நிறம், இறுக்கம், கொழுப்பின் தன்மை என நான்கையும் பார்த்து 1 முதல் 5 வரை புள்ளி போடுவார்கள். நான்கில் எது குறைவோ அதுதான் இறுதிப் புள்ளி. ‘ஏ5’ இல் உள்ள ‘ஏ’ ருசியைச் சொல்லவில்லை. ஒரு உடலிலிருந்து எவ்வளவு இறைச்சி தேறும் என்பதையே சொல்லுது.

மூன்றாவது பெயர். ஹியோகோ மாகாணத்தில் பிறந்து, வளர்ந்து, அங்கேயே அறுக்கப்பட்ட தஜிமா வம்ச மாடு, தரத்திலும் தேறினால்தான் ‘கோபே’. அந்த இறைச்சி ஜப்பானை விட்டு ஏற்றுமதியானதே 2012 இல்தான். அதற்கு முதல் வெளிநாட்டு உணவகங்களில் ‘கோபே’ என்று விற்கப்பட்டது என்னவென்று நீங்களே யோசியுங்கோ. இண்டைக்கும் வெளியில் ‘வாக்யூ’ என்று விற்பதில் கனக்க, பாதி வாக்யூ இரத்தமுள்ள கலப்பு மாடு.

எங்களை ஆகக் கூடுதலாக யோசிக்கவைத்தது பதிவுதான். கன்றின் மூக்கு ரேகையை எடுத்து வம்சப் பதிவில் சேர்க்கிறார்கள். 2001 இல் பைத்திய மாட்டு நோய் வந்தபிறகு, 2003 சட்டப்படி ஒவ்வொரு மாட்டுக்கும் பத்து இலக்க எண். 1939 இல் பிறந்த தஜிரி என்ற காளையின் வாரிசுகள்தான் இன்றைய கறுப்பு வாக்யூப் பசுக்களில் 99.9 வீதமும் என்று சொல்ல முடிவது அதனால்தான். இவ்வளவு நெருங்கிய உறவு அந்த இனத்துக்கே ஆபத்து என்பதும் அதே பதிவால்தான் தெரியும்.

எங்களிட்டையும் பதிவு இருந்தது. குறிசுட்ட மாட்டைப் பார்த்து எந்தப் பட்டி, யாருடையது என்று சொல்லக்கூடிய பெரியவர்கள் இப்பவும் இருக்கினம். காலபோகத்தில் பட்டியைக் காட்டுக்கரைக்குக் கொண்டுபோவதும், அறுவடை முடியக் கொண்டுவருவதும், மாடு வளைத்துச் சூடடிப்பதும் அவைக்குத் தெரியும். இஞ்சயும் லாண்ட்மாஸ்டர் வந்து எருதின் வேலையை எடுத்தது. ஜப்பானில் எருதை வீட்டுக்கு அனுப்பிய அதே வகை மெசின். அங்கே மாட்டுக்கு அடுத்த வாழ்வு ஒன்றை யோசிக்க நேரமிருந்தது. இஞ்ச யுத்தம் வந்தது. 2009 இல் சனம் பட்டிகளைத் திறந்துவிட்டு ஓடினது. இந்த றோட்டால இன்னும் கொஞ்சத்தூரம் போனால் வரும் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் இருந்தவர்களுக்கு, தங்கட மாடு எங்கே நிக்குது என்று கேட்கவும் ஆளில்லை. இண்டைக்கு மேய்ச்சல் தரை சுருங்கி, மிஞ்சின மாடுகள் ‘கட்டாக்காலி’ என்ற பெயரோடு றோட்டில படுக்குதுகள்.

2020 செப்டெம்பரில் மாடறுப்பைத் தடைசெய்ய அமைச்சரவை கொள்கையளவில் ஒத்துக்கொண்டபோது, சாப்பிடுபவர்களுக்கு இறைச்சியை இறக்குமதி செய்வோம் என்றும் சொன்னது. அறுப்பதா விடுவதா என்று எல்லாரும் வாதாடினோம். மாடு வளர்க்கிறவர் எப்படிச் சீவிப்பார் என்று கேட்டவர்கள் குறைவு.

எங்களுக்கு வாக்யூ வேண்டாம். வருசக்கணக்காகக் கொட்டிலுக்குள்ள அடைச்சுத் தானியம் போட எங்களிட்ட காசுமில்லை, அது சரியெண்டும் படேல்லை. ஆனா, பால் குறைவு, உருவம் சின்னன் என்று நாங்கள் ஒதுக்கிற நாட்டுமாடு இந்த வெயிலையும் வறட்சியையும் தாங்கி, தானியமில்லாமல் மேய்ஞ்சே வளருது. அதையாவது ஒரு கொப்பியில எழுதி வைக்கலாம். உங்கட ஊரில குறிசுட்ட அம்மப்பா, அப்பப்பா ஆரும் இருந்தால், இந்தக் கிழமையே போய்க் கேளுங்கோ: உங்கட பட்டிக்கு என்ன குறி?