பவளப்பாறைத் தொட்டியில் மட்டிகளை ஒளிப்படமெடுத்தல்

பவளப்பாறைத் தொட்டி என்பது உப்புநீர், பாறை, பவளங்கள் ஆகியவற்றைக் கொண்டு கடலடிச் சூழலை ஒத்ததாக அமைக்கப்படும் கண்ணாடித் தொட்டி ஆகும். இதில் வளர்க்கப்படும் உயிரினங்களுள் டிரிடாக்னா பேரினத்தைச் சேர்ந்த இராட்சத மட்டிகள் தம் நிறங்களுக்காகப் பெயர் பெற்றவை. இவற்றை ஒளிப்படமெடுப்பது அழகுக்காக மட்டும் செய்யப்படுவதன்று. குரல் எழுப்பாத, இடம் பெயராத இவ்வுயிரியின் உடல்நிலையை மாதந்தோறும் ஒப்பிட்டு அறிய ஒளிப்படமே எளிய பதிவாகும்.

மட்டியின் உடலமைப்பும் நிறமும்

ஓடுகளுக்கு வெளியே விரியும் சதைப்பகுதி மேன்டில் எனப்படுகின்றது. அதனுள் ஒருசெல் பாசிகள் வாழ்ந்து, ஒளிச்சேர்க்கையின் மூலம் மட்டிக்கு உணவளிக்கின்றன. இரிடோசைட் எனப்படும் உயிரணுக்கள், பாசிகளுக்குப் பயன்படும் ஒளியை உள்ளே பரவச் செய்து, பயன் குறைந்த நிறங்களைத் திருப்பி அனுப்புகின்றன. நாம் காணும் நீலமும் பச்சையும் பெரும்பாலும் இவ்வாறு தெறித்து வரும் ஒளியே. ஆகவே பார்க்கும் கோணம் மாறினால் நிறமும் மாறும். மேலிருந்து மின்னும் மட்டி பக்கவாட்டில் மங்கிய பழுப்பாகத் தோன்றக்கூடும். கடைகளில் மேலிருந்து எடுத்த படத்தைப் பார்த்து வாங்கியவர்கள் பின்னர் ஏமாற்றமடைவது இதனாலேயே.

மேன்டிலின் ஓரத்தில் நூற்றுக்கணக்கான சிறு கண்கள் உள்ளன. வில்லையற்ற இக்கண்கள் ஊசித்துளைக் கேமரா போலச் செயல்படுகின்றன (கேமராவைக் கேமராவே நோக்குகின்றது எனலாம்). ஒளி திடீரெனக் குறைந்தால் மட்டி மேன்டிலை உள்ளிழுத்து ஓட்டை மூடிக்கொள்ளும். அடிக்கடி மூடச் செய்தால் ஒளிச்சேர்க்கைக்குக் கிடைக்கும் நேரம் குறையும். எனவே விளக்குக்கும் மட்டிக்கும் இடையே கையோ கருவியோ நிழலிடாதவாறு பார்த்துக்கொள்வதே இக்கலையின் முதல் விதி.

கண்ணாடி வழியாக எடுத்தல்

வில்லையின் அச்சு கண்ணாடிக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். காற்று, கண்ணாடி, நீர் ஆகிய மூன்றின் ஒளிவிலகல் எண்களும் வேறுபடுவதால், சாய்வாக எடுத்த படத்தில் விளிம்புகள் மங்கி நிறக்கோடுகள் தோன்றும். மட்டி தாழ்வாக இருந்தால் கேமராவைச் சாய்ப்பதற்குப் பதிலாக முக்காலியைத் தாழ்த்த வேண்டும். அறை விளக்குகளை அணைத்துவிட்டால் கண்ணாடியில் பிம்பம் விழாது. உட்புறப் பாசியை முதல் நாளே சுரண்டிவிடுவது நன்று. அன்றே சுரண்டினால் துகள்கள் நீரில் மிதக்கும்.

60 அல்லது 100 மில்லிமீட்டர் மேக்ரோ வில்லையும், f/8 அளவிலான துளையும் பெரும்பாலும் போதும். ஃபிளாஷ் பயன்படுத்தினால் அதைக் கேமராவிலிருந்து பிரித்துப் பக்கவாட்டில் சாய்வாகப் பிடிக்க வேண்டும்.

மேலிருந்து எடுக்க, நீரோட்ட மோட்டார்களைச் சில நிமிடங்கள் நிறுத்தினால் நீர்ப்பரப்பு அசைவின்றி இருக்கும். அடிப்பகுதியில் கண்ணாடி பொருத்திய சிறு பெட்டியை நீரின்மேல் வைத்து அதன் வழியே எடுப்பதும் உண்டு. மோட்டாரை மீண்டும் இயக்க மறந்தால் நீரில் உயிர்வளி குறைந்து முழுத் தொட்டிக்குமே ஆபத்தாகிவிடும்.

நீல ஒளியும் வெண்சமநிலையும்

பவளத் தொட்டி விளக்குகளில் நீலம் மிகுதி. கேமராவின் நீல உணரி நிறைந்துவிடுவதால் மற்ற நிறங்களின் நுட்பம் அழிந்து, படம் முழுவதும் ஊதாவாகத் தெரியும். கணினியில் சரிசெய்தாலும் இழந்த விவரம் திரும்பாது. விளக்கின் வெள்ளைப் பகுதியைக் கூட்டி, ரா கோப்பாக எடுப்பதே தீர்வு. செல்பேசியில் எடுப்போர் மஞ்சள் அல்லது செம்மஞ்சள் வடிகட்டியை முன்னால் வைப்பர்.

உடல்நிலைப் பதிவுக்குத் தானியங்கி வெண்சமநிலை உதவாது. பாசிகளை இழந்து மேன்டில் வெளிறுவதே மட்டி நோயுறுவதன் முக்கிய அறிகுறி. தானியங்கி முறையோ ஒவ்வொரு படத்திலும் நிறத்தைத் தானே மாற்றி அந்த வெளிறலை மறைத்துவிடக்கூடும். ஒரே விளக்கு, ஒரே இடம், ஒரே அளவீடு என்று வைத்துக்கொண்டால்தான் சென்ற மாதப் படத்துடன் ஒப்பிட முடியும். ஓட்டின் விளிம்பில் புதிய வெண்ணிற வளர்ச்சி தெரிகின்றதா, மேன்டில் ஓரிடத்தில் கிள்ளியது போல் சுருங்கியுள்ளதா, நீர் உறிஞ்சும் துளை அளவுக்கு மீறி விரிந்துள்ளதா என்பனவும் கவனிக்கத்தக்கவை.

சட்ட நிலை

இந்தியாவில் இது தனித்துக் கூறப்பட வேண்டியது. லட்சத்தீவு, அந்தமான் நிக்கோபார் தீவுகளில் இராட்சத மட்டிகள் இயற்கையாக வாழ்கின்றன. டிரிடாக்னா மாக்சிமா, டிரிடாக்னா ஸ்குவாமோசா ஆகியவை 2001 இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972 இன் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. 2022 ஆம் ஆண்டுத் திருத்தம் அட்டவணைகளை மாற்றியமைத்ததுடன், சைட்டிஸ் உடன்படிக்கையில் இடம்பெற்ற உயிருள்ள விலங்குகளை வைத்திருப்போர் பதிவு செய்ய வேண்டும் என்ற விதியையும் கொண்டுவந்தது. இராட்சத மட்டிகள் சைட்டிஸின் இரண்டாம் இணைப்பில் உள்ளன. கடலிலிருந்து பிடித்த மட்டியை விற்போர் எவ்வளவு குறைந்த விலை கூறினாலும் வாங்கலாகாது. கடலில் அவை உள்ள இடத்திலேயே படமெடுப்பதற்கும் மேலே கூறிய நிழல் விதி பொருந்தும்.

உள்நாட்டில் இதற்கு இணையானது

கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்குக் கடற்கரை இல்லை. கல்வராயன் மலையில் தோன்றும் கோமுகி போன்ற ஆறுகளும் ஏரிகளுமே இங்குள்ள நீர்நிலைகள். இத்தகைய பகுதியில் பவளத் தொட்டி வைப்பவர் கடல் உப்புக் கலவையைத் தூய நீரில் கரைத்து, லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்புச்செறிவை அடைய வேண்டும். கோடையில் நீரைக் குளிர்விக்கும் கருவியும் தேவைப்படும். மாணவர்கள் பயிற்சி பெற இவ்வளவு செலவு வேண்டியதில்லை. லாமெல்லிடென்ஸ் பேரினத்து நன்னீர் மட்டிகள் இந்தியாவின் குளங்களிலும் ஆறுகளிலும் பரவலாக உள்ளன. இவற்றுக்கு மின்னும் நிறங்கள் இல்லை. சேற்றில் பாதி புதைந்து, நீரை உறிஞ்சும் துளையையும் வெளியேற்றும் துளையையும் மட்டும் வெளிக்காட்டும். பக்கவாட்டு ஒளியில் அத்துளைகளின் விளிம்பில் உள்ள சிறு நீட்சிகள் தெளிவாகப் பதியும்.

நன்னீர் மட்டி நீரில் மிதக்கும் நுண்பாசியை வடிகட்டி உண்பது. படத்துக்காகப் பளிங்கு போல் தெளிந்த நீரில் விட்டால் அது மெல்லப் பட்டினியால் இறக்கும்; ஓடு மூடியே இருப்பதால் வெளியே எதுவும் தெரியாது. ஓரிரு மணி நேரம் படமெடுத்த பின் எடுத்த இடத்திலேயே விட்டுவிடுவது நல்லது.