ஆர்தர் மன்னனும் வட்டமேஜை வீரர்களும்

மத்திய கால ஐரோப்பாவில் குதிரைவீரர்களின் ஒழுக்கத்தையும் சாகசங்களையும் பற்றி எழுந்த கதைத்தொகுதிகளுள் மிக விரிந்ததும் நெடுங்காலம் வாழ்ந்து வருவதும், பிரிட்டானியரின் அரசனாகப் போற்றப்படும் ஆர்தரையும் அவன் சபையில் வட்டமேஜையைச் சூழ்ந்தமர்ந்த வீரர்களையும் பற்றியதாகும். ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரோமானிய ஆட்சி நீங்கியபின், கடல் கடந்து வந்த சாக்ஸன் இனத்தாரை எதிர்த்துப் போரிட்ட தலைவன் ஒருவனின் நினைவே இக்கதைகளுக்கு வேர் என்று கருதுவோர் பலர். ஆயினும் அக்காலத்தை அடுத்து வாழ்ந்த கில்டாஸ் என்னும் துறவி, பேடன் மலைப் போரில் பிரிட்டானியர் பெற்ற வெற்றியைக் குறித்தும் ஆர்தரின் பெயரைக் குறிக்கவில்லை. ஏறக்குறைய 830-இல் எழுந்து, நென்னியஸ் என்பவர் பெயரால் வழங்கும் லத்தீன் கிரந்தமே அவனைப் படைத்தலைவனாகக் காட்டிப் பன்னிரண்டு போர்களை வரிசைப்படுத்துகிறது. பேடனில் ஒரே நாளில் அவன் ஒருவன் தாக்குதலிலேயே 960 பேர் மடிந்தனர் என்று அது சொல்லுமிடத்தில் சரித்திரம் விலகிக் காவியம் தொடங்கிவிடுகிறது.

பிறப்பு முதல் இறுதி வரை ஆர்தருக்கு ஒரு முழு வரலாற்றை அளித்தவர் மான்மத் நகரத்து ஜெஃப்ரி. 1130-களில் அவர் லத்தீனில் இயற்றிய பிரிட்டானிய அரசர் சரித்திரம், மந்திரவாதி மெர்லினையும், அரசி கினிவியரையும், ஆர்தரின் சகோதரி மகன் மோர்ட்ரெட்டின் துரோகத்தையும், காயமுற்ற மன்னன் அவலான் தீவுக்குக் கொண்டு செல்லப்பட்டதையும் ஒரே கோவையாக்கியது. அதன் கையெழுத்துப் பிரதிகள் இருநூறுக்கு மேல் இன்றும் எஞ்சியிருப்பதிலிருந்து அக்காலத்தார் அதை எத்துணை ஆவலோடு கற்றனர் என்பது விளங்கும். அதனை 1155-இல் பிரெஞ்சுச் செய்யுளாக்கிய வேஸ், சபையில் முதலிடம் யாருக்கு என்ற பூசல் எழாதிருக்கும்பொருட்டு மன்னன் வட்டமான மேஜையை அமைத்தான் என்ற செய்தியைச் சேர்த்தார்.

எனினும் இக்கதைக்கு உயிர்நாடியான காதலையும் விரதத்தையும் தந்தவர் பிரெஞ்சுக் கவிஞர் கிரெத்தியன் தெ துருவா என்பதில் ஐயமில்லை. கவசமும் போர்க்குதிரையும் உடைய வீரர், ஊரைக் காப்பதினும் கொள்ளையிடுவதில் முந்திநின்ற காலம் அது. பத்தாம் நூற்றாண்டின் இறுதிமுதல் திருச்சபை ஆங்காங்கே சங்கங்களைக் கூட்டி, துறவியரையும் ஏழைகளையும் தாக்கலாகாது என்று அவர்களிடம் பிரமாணம் பெற முயன்று வந்தது. அவ்வாறு திருச்சபை கட்டளையால் சாதிக்க முனைந்ததைக் கிரெத்தியன் கதையால் சாதிக்க முனைந்தார் எனலாம். ஷாம்பேன் சீமாட்டி மரீயின் விருப்பத்திற்கிணங்க அவர் தொடங்கிய காவியத்தில், கடத்திச் செல்லப்பட்ட அரசி கினிவியரைத் தேடும் அவள் காதலனாகிய வீரன் லான்ஸ்லட், குற்றவாளிகளை ஏற்றும் வண்டியில் ஏறினால்தான் அவளிருக்கும் திக்குத் தெரியும் என்றறிந்தும், மானத்துக்கு அஞ்சி இரண்டடி எடுத்துவைக்கும் நேரம் தயங்கி நிற்கிறான். அவளை மீட்டபின்னரும் அவள் முகங்கொடுக்க மறுப்பது அந்த இரண்டடித் தயக்கத்தை எண்ணித்தான். வாள்வலியை மட்டும் அளந்துவந்த ஓர் உலகம் மனத்தின் தயக்கத்தை அளக்கக் கற்றது இங்கேதான்.

கிரெத்தியன் முடிக்காமல் விட்ட பெர்சிவல் கதையில் கிரெயில் என்னும் அற்புதப் பாத்திரம் தோன்றுகிறது. ராபர்ட் தெ போரோன் அதனை இயேசுவின் இறுதி விருந்தின் பாத்திரமாக்கினார். பதின்மூன்றாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு உரைநடைத் தொகுதி, பாவமறியாத காலஹாட் ஒருவனையே அதன் ரகசியத்தை முழுதும் கண்டவனாக்கியது. ஜெர்மனியில் வொல்ஃப்ராம் பாடிய பர்ஸிவல், பிற்காலத்தில் வாக்னரின் இசைநாடகத்திற்கு மூலமாயிற்று.

அரசர்களும் துறவியரும் இக்கதையைத் தத்தம் நலனுக்குப் பயன்படுத்தத் தவறவில்லை. 1184-இல் தீக்கிரையான கிளாஸ்டன்பரி மடத்தார், சில ஆண்டுகளுக்குள் ஆர்தரின் கல்லறையைக் கண்டதாக அறிவித்தனர். 1278-இல் முதலாம் எட்வர்ட் அங்குச் சென்று, கண்டெடுக்கப்பட்ட எலும்புகளை மீண்டும் அடக்கம் செய்வித்தான். வின்செஸ்டர் மண்டபச் சுவரில் தொங்கும் பதினெட்டடி விட்டமுள்ள மேஜை ஆர்தர் காலத்ததன்று, பதின்மூன்றாம் நூற்றாண்டினது. அதன்மேல் வண்ணம் தீட்டுவித்தவன் எட்டாம் ஹென்றி.

இவையனைத்தையும் ஆங்கிலத்தில் ஒருமுகப்படுத்தியவர் தாமஸ் மாலரி. தம்மைச் சிறைப்பட்ட வீரர் என்று குறிப்பிடும் அவர், இங்கிலாந்தின் பிரபுக்கள் இரு கட்சியாகி ஒருவரையொருவர் அழித்துக்கொண்டிருந்த காலத்தில், 1469-70 அளவில் நூலை முடித்தார். 1485-இல் காக்ஸ்டன் அதை அச்சேற்றினார். அதில் வீரர்கள் ஆண்டுதோறும் பெந்தெகொஸ்தே திருநாளில், கொலை புரியோம், துரோகத்தை அணுகோம், அடைக்கலம் கேட்டவனுக்கு அபயம் அளிப்போம், மாதரைக் காப்போம் என்று பிரமாணம் செய்கின்றனர். அப்பிரமாணம் முறிவதுதான் கதை. லான்ஸ்லட்டுடன் கொண்ட காதலின் பொருட்டுத் தீயிலிடப்படவிருந்த அரசியை மீட்கும் அமளியில், தான் வீரப்பட்டம் சூட்டியவனும் தன்னை உயிரினும் மேலாய் நேசித்தவனுமாகிய காரெத், ஆயுதமின்றி நிற்பதைக் கவனியாமல் லான்ஸ்லட் அவனை வெட்டி வீழ்த்துகிறான். காரெத்தின் தமையன் காவைன் சமாதானத்துக்கு இணங்க மறுக்கிறான். லான்ஸ்லட்டைப் பழிவாங்க மன்னன் கடல்கடந்து சென்றிருக்கும்போது மோர்ட்ரெட் அரியணையைக் கவர்கிறான். பகைவன் படை அழிக்கமுடியாத சபையை அதன் உத்தமர்களின் அன்பும் மானமும் அழிக்கின்றன. இக்கதை நிலைத்ததற்கு மந்திரவாளும் அரக்கரும் காரணமல்ல, மெய்யாகவே விரும்பி ஏற்ற விரதத்தை மனிதன் காக்கமுடியாமற்போகும் இந்தத் துயரமே காரணம் என்பது நம் துணிபு.

செர்வான்டிஸின் டான் கிஹோட்டே 1605-இல் வெளிவந்து வீரக்கதைகளை நகைப்புக்குரியவையாக்கியது; 1634-க்குப்பின் 1816 வரை மாலரியின் நூல் மறுபதிப்புக் காணவில்லை. விக்டோரியா காலத்தில் டென்னிஸன் தம் நெடுங்காவியத்தால் ஆர்தரைக் களங்கமற்ற அரசனாக்கினார். அவன் மாட்சி உயர்ந்ததாயினும், மாலரி காட்டிய தடுமாறும் மனிதன் அங்கே மங்கிவிட்டான். 1934-இல் வின்செஸ்டர் கல்லூரியில் மாலரி நூலின் கையெழுத்துப் பிரதி ஒன்று கிடைத்தது. அதனை ஆதாரமாகக் கொண்டு 1947-இல் பதிப்பித்த வினாவர், மாலரி எழுதியது ஒரே நூலன்று, எட்டுத் தனிக்கதைகள் என்று வாதித்தார். அதை ஒரு தொடர்காவியமாகவே கொள்ளவேண்டும் என்று மறுத்த அறிஞரும் உளர். டி. எச். ஒயிட் 1958-இல் முழுமையாக வெளியிட்ட நாவல், இரண்டாம் உலகப் போரின் அனுபவத்தோடு மாலரியை மீண்டும் எடுத்துரைத்து, வலிமையை நீதிக்குப் பணியாளாக்க முடியுமா என்ற கேள்வியை ஆர்தரின் வாழ்நாள் கவலையாக்கியது.