பென்ஷன்காரர்களின் சீசன்

வருடா வருடம் நவம்பரில் லைஃப் சர்டிபிகேட் கொடுத்து முடித்த கையோடு அப்பாவும் அம்மாவும் திருச்சியிலிருந்து புனேவுக்குக் கிளம்பி விடுவார்கள். அப்பா பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கையில் பாஸ், மூன்று பெட்டி, ஒரு வாளி வடகம். டிசம்பரில் வந்தால் மார்ச் வரை இங்கே தான். மழைக்கால ஈரத்தில் அம்மாவுக்கு இழுப்பு வந்து விடும். புனேயின் குளிர்காலமோ காய்ந்த குளிர். ராத்திரி பத்து டிகிரி, பகலில் முப்பதைத் தொடும் நல்ல வெயில். இங்கே வந்த பத்தாம் நாள் அம்மா இன்ஹேலரைத் தேட மாட்டார். அப்பா மட்டும் மார்ச் வரை மங்கி கேப்பைக் கழற்ற மாட்டார்.

எல்லாம் சரி. ஆனால் மூன்றாவது வாரம் தவறாமல் ஒரு கேள்வி வரும். "ரிடர்ன் டிக்கெட் போட்டாச்சாடா?"

பல வருடம் இந்தக் கேள்வி எனக்குச் சுருக்கென்று தைத்தது. நாம் என்ன குறை வைத்தோம்? விடை எனக்கு ஒரு சரித்திரத்தில் கிடைத்தது என்றால் சிரிக்காதீர்கள். நான் பி.காம். படித்த பேங்க் ஆபீசர், சரித்திரம் படித்தவன் இல்லை. ஆனால் இந்த ஊரில் இருபது வருடம் குப்பை கொட்டியதில் கொஞ்சம் தெரிந்து கொண்டேன்.

புனேவுக்கு 'பென்ஷனர்ஸ் பாரடைஸ்' என்று பழைய பட்டப்பெயர் உண்டு. ஐ.டி. கம்பெனிகளும் டிராஃபிக்கும் வந்த பிறகு அந்தப் பெயரைக் கேட்டால் ஆட்டோக்காரரே சிரிப்பார். ஆனால் பெயருக்குக் காரணம் இருந்தது. ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 560 மீட்டர் உயரத்தில், மலைத் தொடருக்குக் கிழக்கே இருக்கிறது. அரபிக்கடல் மேகமெல்லாம் மலை மேலேயே கொட்டித் தீர்த்து விட்டு மிச்சத்தை இங்கே அனுப்பும். 1817ல் கட்கி சண்டையில் பேஷ்வா தோற்று, கண்டோன்மென்ட் வந்தது. வெள்ளைக்காரர்களுக்கு ஊர் பிடித்துப் போனது.

பிடித்துப் போனதென்றால் எப்படி? பம்பாய் கவர்ன்மென்டே சீசனுக்கு ஒரு ஊராக மூட்டை கட்டிக் கொண்டு நகர்ந்தது. குளிர்காலத்தில் பம்பாய், கோடையில் மகாபலேஷ்வர், மழைக்காலத்தில் புனே. நம் மெட்ராஸ் கவர்ன்மென்ட் கோடைக்கு ஊட்டி போனது மாதிரி. கவர்னர் பார்ட்டில் ஃப்ரேர் 1864ல் கணேஷ்கிண்டில் ஒரு மாளிகை கட்ட ஆரம்பித்து, 1871ல் முடிந்தது. மழைக்காலத்தில் கவர்னர் தங்கிய அந்த இடம் தான் 1949 முதல் புனே பல்கலைக்கழகம். இந்தப் போக்குவரத்தையெல்லாம் சுலபமாக்கியது 1863ல் போர் கணவாயில் திறந்த ரயில் பாதை.

அந்தக் கணவாயை அப்பாவுக்குக் காட்டினேன். கர்ஜத்தில் ரயிலின் பின்னால் கூடுதல் எஞ்சின் மாட்டி, ஏற்றத்தில் தள்ளி விடுவார்கள். அந்த எஞ்சினுக்கு ரயில்வேயில் பேங்கர் என்று பெயர். "நீயும் பேங்கர், அதுவும் பேங்கர். அது லோனாவாலாவில கழட்டி விட்டுடும், நீ விட மாட்டேங்கற" என்றார் அப்பா. ஜோக் என்று தான் அப்போது நினைத்தேன்.

சரி, மகாபலேஷ்வருக்கு வருவோம். 1827 முதல் 1830 வரை பம்பாய் கவர்னராக இருந்த சர் ஜான் மால்கம் அதைக் கோடை வாசஸ்தலமாக்கினார். கோடைக்கு அருமையான இடம். ஆனால் மழையில்? வருடத்துக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டும். புனேயில் அது 700 சொச்சம். ஜூன் வந்தால் எல்லோரும் மலையிறங்க வேண்டியது தான். வேலையில் இருப்பவனுக்கு அது சரி. ரிடையர் ஆகி, சீமைக்கும் திரும்ப மனமில்லாமல் இங்கேயே இருந்து விட்டவர்களுக்கு வருடம் முழுக்கத் தங்க ஓர் இடம் வேண்டுமே?

அப்படி வளர்ந்தது தான் பஞ்ச்கனி. மகாபலேஷ்வருக்குக் கிழக்கே இருபது கிலோமீட்டருக்குள் தான், ஆனால் மழை அதில் பாதி கூடக் கிடையாது. 1860களில் ஜான் செஸ்ஸன் என்ற வெள்ளைக்காரர் இந்த ஊரைக் கவனித்து வளர்த்தார். சில்வர் ஓக் மரங்கள் வந்தன, தோட்டத்தோடு பங்களாக்கள் வந்தன. செஸ்ஸன் கடைசி வரை அங்கேயே இருந்தார், அங்கே சர்ச் கல்லறையில் தான் இருக்கிறார். பிற்பாடு காய்ந்த காற்று நுரையீரலுக்கு நல்லது என்று 1912ல் டாக்டர் பில்லிமோரியா அங்கே காசநோய் சானடோரியம் தொடங்கினார். 1944 பிப்ரவரியில் கஸ்தூர்பா புனே ஆகா கான் மாளிகைச் சிறையிலேயே இறந்தார். மே மாதம் விடுதலையான காந்தி, ஜூலையில் உடம்பு தேற பஞ்ச்கனிக்குத் தான் போனார். அப்போது அவருக்கு 74 வயது.

அமெரிக்காவிலும் இதே கதை தான், அங்கே மலைக்குப் பதில் பாலைவனம். கலிஃபோர்னியாவின் பாம் ஸ்பிரிங்ஸில் நெல்லி காஃப்மன் என்ற அம்மாள் 1909ல் டெசர்ட் இன் தொடங்கினார். உடம்பு தேற வந்தவர்கள் தான் அதன் ஆரம்பகால விருந்தினர்கள். 1960 ஜனவரி 1 அன்று அரிசோனாவில் டெல் வெப் கம்பெனி ரிடையர் ஆனவர்களுக்கென்றே சன் சிட்டியைத் திறந்தது. பனிக்குத் தப்பி குளிர்காலம் மட்டும் தெற்கே வந்து தங்கும் தாத்தா பாட்டிகளை அங்கே 'ஸ்னோபேர்ட்' என்பார்கள். அங்கிருக்கும் நம்மவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மூன்று வருடம் முன்பு அப்பா அம்மாவோடு பஞ்ச்கனி போயிருந்தோம். பழைய பங்களா ஒன்றின் கேட் முன்னால் அப்பா ரொம்ப நேரம் நின்றார். நான் கவர்னர் கதையெல்லாம் அளந்து கொண்டிருந்தேன். கேட்டு விட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"இதுக்கு அப்ப என்ன வாடகை இருந்திருக்கும்?"

"எதுக்குப்பா?"

"பென்ஷன்ல கட்ட முடியுமான்னு பார்த்தேன்."

அப்புறம் காரில் வரும்போது மெல்லச் சொன்னார். "உன் வீட்டுல எங்களுக்கு ஒரு குறையும் இல்லடா. ஆனா காலைல நாலரைக்கு எழுந்து உங்கம்மா இருட்டுல உக்காந்திருக்கா. காபி போட்டா பாத்திர சத்தத்துல உங்க தூக்கம் கெட்டுடுமாம். திருச்சில அவ யாரையும் கேட்டுட்டு அடுப்பு பத்த வெக்கல."

எனக்கு அப்போது தான் உறைத்தது. பஞ்ச்கனிக்கு வந்தவரும் சரி, சன் சிட்டியில் வீடு வாங்கியவரும் சரி, சீசனுக்கு ஊர் மாறினாலும் அவரவர் வீட்டுக்கு அவரவர் தான் முதலாளி. நாம் பெற்றோரை நல்ல க்ளைமேட்டுக்குக் கூட்டி வருகிறோம், அவர்களை விருந்தாளி ஆக்கி விடுகிறோம். நான்கு மாத விருந்தாளி மூன்றாவது வாரம் டிக்கெட்டைத் தானே கேட்பார்?

எங்கள் பில்டிங்கிலேயே கீழ்த்தளத்தில் ஒரு சின்ன ஃப்ளாட் காலியானது. இந்த ஊரில் பதினொரு மாத லீவ் அண்ட் லைசென்ஸ் அக்ரிமென்ட் தான் வழக்கம். நாலு மாதத்துக்கு ஏழு மாதம் தண்டம் என்று பேங்க் புத்தி கணக்குப் போட்டது. "அத்தை இருட்டுல உக்காந்திருக்கறதுக்கு என்ன கணக்கு?" என்றாள் மனைவி. அக்ரிமென்ட் அப்பா பெயரில் போட்டோம். வாடகையைத் தன் பென்ஷனிலிருந்து தான் கொடுப்பேன் என்று ஒரு வாரம் சண்டை. கடைசியில் பாதிப் பாதி. அம்மாவுக்கு முதலில் வருத்தம் தான், "தனியா வெச்சுட்டான்னு ஊர்ல பேசுவாங்களே" என்றார். பேசினார்கள் தான். அந்த வருத்தம் இன்னும் முழுசாகப் போகவில்லை.

போன வருடம் லைஃப் சர்டிபிகேட்டுக்குக் கூட அவர்கள் ஊரில் காத்திருக்கவில்லை. 2014ல் வந்த டிஜிட்டல் சர்டிபிகேட்டில் 2021 முதல் முகத்தைக் காட்டினாலே போதும். நவம்பர் முதல் வாரமே வந்து விட்டார்கள். என் போன் முன்னால் மங்கி கேப்பைக் கழற்றி உட்கார்ந்தார் அப்பா. "நான் உயிரோட இருக்கேன்னு உன் போனே சொல்லுதே!"

இப்போதெல்லாம் சாயங்காலம் ஆறு மணிக்கு எங்கள் காலிங்பெல் அடிக்கும். வாசலில் அம்மா, கையில் மூடி போட்ட கிண்ணம். பின்னால் அப்பா.

"சும்மா பார்த்துட்டுப் போலாம்னு வந்தோம். காபி கிடைக்குமா?"

அமெரிக்காவுக்கு ஆறு மாத விசிட்டில் அப்பா அம்மாவை வரவழைத்திருப்பவர்களே, எல்லோராலும் இன்னொரு வீடு எடுக்க முடியாது தான். ஆனால் நாலரை மணிக்கு அந்த வீட்டில் யாராவது இருட்டில் உட்கார்ந்திருக்கிறார்களா என்று ஒரு நாள் எழுந்து பாருங்கள்.