சக்கரத்தின்மேல் ஒரு வாடிவீடு

கொழும்பின் இரண்டாம் தபாற் பிரிவாகிய கொம்பனித்தெரு, பேர வாவியின் நீர் மூன்று புறமும் சூழ்ந்திருந்த அக்காலத்தில், ஒல்லாந்தர் கொம்பனி தன் ஆபிரிக்க அடிமைகளை இரவுதோறும் கொண்டுபோய் அடைத்துவைத்த திட்டாக இருந்தது. பின்னர் அங்கே மலாய்ப் படைவீரர்கள் குடியமர்த்தப்பட்டார்கள். அவர்கள் சேவித்த இலங்கை ரைஃபிள் படை 1873இல் கலைக்கப்பட்டபோதிலும், மலாய் வீதி, ஜாவா லேன் என்னும் பெயர்களும் வேகந்தைப் பள்ளிவாசலும் அவர்களுடைய ஞாபகத்தை இன்றளவும் காத்துவருகின்றன. தம் சுயேச்சையினால் அல்லாமல் கொண்டுவரப்பட்ட அந்நியரின் குடியிருப்பாகத் தொடங்கிய இவ்விடத்திலேயே, இத்தீவைத் தம் மனம்போல் சஞ்சரித்துக் காண விரும்பி வந்த அந்நியர்களுக்கும் உதவும் வாகன வியாபாரம் பிற்காலத்தில் வேரூன்றியது என்பது என் உள்ளத்தை நெடுங்காலமாகக் கவர்ந்துவரும் ஒரு விஷயமாகும்.

அந்நியன் ஒருவன் இங்கே வந்து நெடும் பிரயாணம் செய்ய எண்ணினால், அவன் முதலில் தேடவேண்டியது வண்டியே. தன் தேசத்து வண்டியையே கப்பலேற்றிக் கொண்டுவந்தவர்களும் இருந்தார்கள். நுவரெலியாவில் ஓர் ஆங்கிலக் கிராமத்தை நிர்மாணிக்க எண்ணி 1848இல் பரிவாரங்களோடு வந்த சாமுவேல் பேக்கர், குதிரைகளையும் வேட்டை நாய்களையும் மாடுகளையும் கொணர்ந்ததோடு, அழகிய கோச்சு வண்டி ஒன்றையும் கொணர்ந்தார். அவருடைய குதிரைக்காரன் அதனை ரம்பொடைக் கணவாயின் வழியாக ஓட்டிச்சென்று பள்ளத்தில் கவிழ்த்தான். பிறகு அவன் பொறுப்பில் விடப்பட்ட யானையும், மலையேற்றத்தில் ஓய்வின்றி விரட்டப்பட்டமையால் மாண்டுபோயிற்று. உல்லாசப் பயணியாக அன்றிக் குடியேறுவதற்கே பேக்கர் வந்தார் எனினும், எட்டாண்டு அனுபவங்களைத் தொகுத்து அவர் எழுதிய நூலில் இச்சம்பவத்தைப் படிக்கும்போது, இந்நாட்டுப் பாதைக்கு இந்நாட்டு வண்டியே உகந்தது என்ற எண்ணம் எனக்கு எழாமல் இருந்ததில்லை.

அந்த நாட்டு வண்டிதான் எது? யாழ்ப்பாணத்தார் கறத்தை என்றும் திருக்கல் என்றும் வழங்கிய மாட்டுவண்டியே அது. கவர்னர் எட்வர்ட் பார்ன்ஸின் காலத்தில் கண்டி வீதி அமைக்கப்பட்டு, 1832இல் கொழும்புக்கும் கண்டிக்கும் இடையே குதிரைத் தபால் வண்டி ஓடத் தொடங்கிய பின்னரும், 1867இல் புகைவண்டி கண்டியை எட்டிய பின்னரும், இருப்புப்பாதை தொடாத ஊர்களுக்குச் செல்வோர்க்குக் கிடுகு வேய்ந்த கூண்டு வண்டியையன்றி வேறு கதியில்லை. இரவெல்லாம் எருதுகள் தாமே வழியறிந்து நடக்க, வைக்கோலின்மேல் விரித்த பாயில் பிரயாணி உறங்க, விடிந்ததும் ஒரு வாடிவீட்டின் முற்றத்தில் வண்டி அவிழ்க்கப்படும். பிரயாணிகள் தங்குவதற்காக வீதியோரங்களில் அரசாங்கம் கட்டிவைத்த இவ்வாடிவீடுகளும் அந்த வண்டியும் சேர்ந்தே, மேல்நாட்டார் இன்று சக்கர வீடு என்று எதனைக் கருதுகிறார்களோ அதன் காரியத்தை நிறைவேற்றின.

மோட்டார் யுகம் பிறந்ததும் காட்சி மாறியது. 1904இல் தோன்றிய மோட்டார் வாகனக் கழகம், பிற்காலத்தில் இலங்கை மோட்டார் வாகனச் சங்கமாகி, காலி முகத்திடலுக்கு அருகே, கொம்பனித்தெருவிலிருந்து நடந்தே செல்லக்கூடிய தூரத்தில் நிலைபெற்றது. கொம்பனித்தெருவின் யூனியன் பிளேசும் ஹைட் பார்க் கோர்னரும் மெல்ல மெல்ல வாகன வியாபாரத்தின் வீதிகளாயின: 1945இல் ஆரம்பமான யுனைட்டெட் மோட்டர்ஸ், 1949இல் ஆரம்பமான அசோஷியேட்டட் மோட்டர்வேஸ் ஆகியன அங்கே தலைமையகம் கொண்டன, அவற்றின் பளபளக்கும் கண்ணாடி மண்டபங்களுக்குப் பின்னால், ஒழுங்கைகளில், மலாய், தமிழ், சிங்களம் மூன்றும் கலந்து ஒலிக்கும் கராஜ்களில், என்ஜின் ஓசையைக் கேட்ட மாத்திரத்தில் நோயைச் சொல்லிவிடும், பாஸ்மார் எனப்படும் கைதேர்ந்த மெக்கானிக்குகள் வேலைசெய்தார்கள். பெரிய மண்டபங்களைக் காட்டிலும் அவ்வொழுங்கைகளையே நான் அதிகமாக மதிக்கிறேன். ஏனெனில் அறுபதுகளின் அந்நியச் செலாவணி நெருக்கடியினால் புதுக் கார்கள் வருவது ஏறக்குறைய நின்றுபோன அத்தனை ஆண்டுகளிலும், மொரிஸ் மைனர்களையும் ஒஸ்ரின்களையும் உயிரோடு வைத்திருந்தவை அந்தக் கைகளே.

அதே காலத்தில், ஐரோப்பாவிலிருந்து தரைமார்க்கமாகத் துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான் வழியே இந்தியாவை நோக்கி இளைஞர்கள் அணியணியாகப் புறப்பட்டார்கள். பழைய வான் ஒன்றை மலிவாக வாங்கி, அதிலேயே உண்டு, அதிலேயே உறங்கி, போகுமிடத்தில் அதனை விற்றுவிடுவது அவர்களிற் பலருடைய வழக்கம். பின்னாளில் பிரயாண நூல்களால் உலகப் பிரசித்தி பெற்ற வீலர் தம்பதிகள், 1972இல் லண்டனில் 65 பவுனுக்கு வாங்கிய வானைக் காபூலில் விற்றுவிட்டே அப்பால் சென்றார்கள். இலங்கையையும் காண விரும்பியோர் இராமேசுவரம் வரை வந்து கப்பலேறினார்கள். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே தொடங்கிய அக்கப்பற் போக்குவரத்து, 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்த பின் இராமேசுவரத்துக்கு மாறி, எண்பதுகளில் யுத்தம் மூண்டதோடு நின்றுபோயிற்று. 1979இல் ஈரானிலும் ஆப்கானிஸ்தானிலும் நேர்ந்த மாறுதல்களால் தரைமார்க்கமும் முன்னமே அடைபட்டிருந்தது.

ஆகவே பிற்காலத்துப் பிரயாணி விமானத்தில் வெறுங்கையோடு இறங்கினான். அவனுக்குரிய வண்டி, 1977இன் திறந்த பொருளாதாரக் கொள்கையை அடுத்து இத்தீவில் பெருகிய முச்சக்கர வண்டியாக, நாம் ஓட்டோ என்று அழைக்கும் அந்த எளிய வாகனமாக, வாய்த்தது. பஜாஜ் ஓட்டோக்களைத் தருவித்து விற்ற டேவிட் பீரிஸ் கம்பனியும் நெடுங்காலம் ஹைட் பார்க் கோர்னரிலேயே இருந்தது. ஏழைக் குடும்பத்துக்குச் சோறு போடுவதற்காக வந்த அவ்வண்டியை, கடந்த பத்தாண்டுகளுக்குள், வெள்ளைக்காரப் பிரயாணிகள் வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் வாடகைக்கு எடுக்கிறார்கள். தங்கும் காலம் நீண்டால் பழையது ஒன்றை விலைக்கு வாங்கலாகாதா என்று விசாரிப்போரும் உண்டு. சர்வதேச அனுமதிப்பத்திரத்தோடு மோட்டார் வாகனச் சங்கத்துக்குப் போய் உள்ளூர் அங்கீகாரம் பெறுவது அவர்களுக்கு வழக்கமாயிற்று. இடக்கையால் கிளட்சை அழுத்தியபடியே பிடியைச் சுழற்றிக் கியர் மாற்றும் வித்தையை, ஏதோ ஒரு மைதானத்தில், தம்மைவிட இளைய சாரதி ஒருவனிடம் அவர்கள் பணிவோடு கற்றுக்கொள்வதைக் காண்கையில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி உண்டாகிறது. அதிவேக வீதிகளில் ஓட்டோவுக்கு அனுமதியில்லை. அதனால் அவர்கள் ஊர்களின் ஊடாகவே போகிறார்கள், தேநீர்க்கடை கண்ட இடத்தில் நிற்கிறார்கள், பழுதானால் முதலில் எதிர்ப்படும் பாஸின் கராஜில் பெஞ்சில் உட்கார்ந்து காத்திருக்கிறார்கள். பழைய கூண்டு வண்டிப் பிரயாணி கண்ட இலங்கையை இத்தனை நெருக்கமாகக் காணும் பாக்கியம் பளபளப்பான சொகுசு பஸ்ஸில் போகிறவனுக்கு வாய்ப்பதில்லை.

2020இல் வாகன இறக்குமதி தடைப்பட்டு, 2025இல்தான் மீண்டும் திறக்கப்பட்டது. அவ்விடைக்காலத்தில் பழைய ஓட்டோக்களின் விலை ஏறியதும், அவற்றை ஓடவைத்த பாஸ்மாரின் மதிப்பு உயர்ந்ததும் இயல்பே. ஆனால் கொம்பனித்தெருவின் ஒழுங்கைகள் பல இப்போது இல்லை. வானளாவிய மாடங்கள் எழும்பிவிட்டன. 1870இல் அங்கே கட்டப்பெற்ற டி சொய்சா கட்டடமும் இடிக்கப்பட்டது. தட்டுமுட்டுச் சாமான்களோடு புறநகர்களுக்குப் பெயர்ந்த கராஜ்களின் கதையை, அவற்றில் வேலைசெய்த முதியோர் உயிரோடிருக்கும்போதே யாரேனும் கேட்டு எழுதிவைக்க வேண்டும் என்பது என் பெருவிருப்பம்.

இராமேசுவரத்துக் கப்பல் நின்றுபோன நெடுங்காலத்துக்குப் பின், 2023 அக்டோபரில் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியது. அது ஆட்களையும் அவர்களுடைய மூட்டைகளையும் மாத்திரமே ஏற்றுகிறது. எத்தனையோ தேசங்களைக் கடந்து தன் வானை ஓட்டிவந்தவன்கூட, அதனை நாகபட்டினத்தில் நிறுத்திவிட்டு, பையைத் தோளில் போட்டுக்கொண்டு கப்பலேறி, காங்கேசன்துறையில் இறங்கியதும் ஓர் ஓட்டோவைத்தான் கைகாட்டி நிறுத்தவேண்டியிருக்கிறது.