கல்வராயன் மலையும் கோமுகி நீரும்

கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டு. வடக்கே ஜவ்வாது, மேற்கே சேர்வராயன், தெற்கே பச்சைமலை என்று தனித்தனியாக நிற்கும் மலைகளுக்கு இடையே ஏறத்தாழ 1,095 சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிந்திருக்கிறது. பெரும்பகுதி 2,000 முதல் 3,000 அடி உயரமுள்ள மேட்டுநிலம். சில முகடுகள் அதையும் தாண்டும். வடபகுதி சின்னக் கல்வராயன், தென்பகுதி பெரிய கல்வராயன். கிழக்குச் சரிவு கள்ளக்குறிச்சி மாவட்டத்திலும் மேற்குச் சரிவு சேலம் மாவட்டத்திலும் இறங்குகின்றன.

இந்த மலையில் விழும் மழை மூன்று வழியாகப் பிரிந்து ஓடுகிறது. வடக்கே வழியும் ஓடைகள் தென்பெண்ணையில் சேர்கின்றன. மேற்கிலும் தெற்கிலும் இறங்குபவை வசிஷ்ட நதிக்குப் போகின்றன. கிழக்கே இறங்கும் கல்படை, பொட்டியம், மல்லிகைப்பாடி, பரங்கிநத்தம் ஓடைகள் ஒன்றுகூடிக் கோமுகி ஆறாகின்றன. அதற்குச் சற்று வடக்கே மணி, முக்தா என்ற இரு ஆறுகள் கூடி மணிமுக்தா ஆகின்றன. கோமுகி பின்னர் மணிமுக்தாவிலும், மணிமுக்தா விருத்தாசலத்தைக் கடந்து கூடலையாற்றூரில் வெள்ளாற்றிலும் கலக்கின்றன. வெள்ளாறு பரங்கிப்பேட்டை அருகே கடலில் விழுகிறது. கள்ளக்குறிச்சி வட்டாரத்தின் வேளாண்மை, ஊர்களின் அமைப்பு, இன்று மக்கள் சென்று பார்க்கும் இடங்கள் எல்லாமே இந்த ஓடைகளை ஒட்டியே உருவானவை.

மலையடிவாரத்தில் இயற்கை ஏரி என்று ஒன்றுகூட இல்லை. இயற்கை ஏரி எப்படி உண்டாகும் என்பதற்கு வட அயர்லாந்தின் லாக் நே ஏரியைப் பார்க்கலாம்; சுமார் 390 சதுர கிலோமீட்டர். இயற்கையாகத் தாழ்ந்த பள்ளத்தில் ஆறுகள் வந்து தேங்கியதால் உண்டானது. அதை யாரும் வெட்டவில்லை. ஆகவே ஃபின் மக்கூல் என்ற அரக்கன் ஒரு பிடி மண்ணை அள்ளி எறிந்த இடம் என்று அந்த மக்கள் கதை சொல்லிக்கொண்டார்கள். கள்ளக்குறிச்சிப் பக்கமோ நிலம் கிழக்கு நோக்கிச் சீராகச் சரிந்துகொண்டே போகிறது. அடியில் கிடப்பது கெட்டியான பாறை. ஆண்டுக்குச் சுமார் 1,000 மில்லிமீட்டர் மழை, அதிலும் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தின் சில வாரங்களில். மறிக்காவிட்டால் அந்த நீர் சில நாளில் கடலுக்குப் போய்விடும். அதனால் இங்கே தேங்கி நிற்கும் ஒவ்வொரு நீர்ப்பரப்பின் கிழக்கிலும் மனிதர் போட்ட ஒரு கரை இருக்கிறது.

ஏரி வெட்டுவது என்று பேச்சில் சொன்னாலும் உண்மையில் செய்வது கரை கட்டுவதுதான். சரிவுக்குக் குறுக்கே வில்லாக வளைத்து மண்ணைக் கொட்டி மிதித்து உயர்த்துவார்கள். நீர் வரும் பக்கம் அலை அரிக்காமல் இருக்கக் கல் பாவுவார்கள். மிஞ்சிய நீர் கரையை உடைக்காமல் வழிய ஓர் ஓரத்தில் கலிங்கு. வயலுக்கு விட மதகு. கலிங்கில் வழிந்தது வாய்க்கால் பிடித்து அடுத்த ஊர் ஏரிக்குப் போகும். அது நிறைந்தால் அதற்கடுத்த ஊருக்கு. இப்படித் தொடர்ந்த சங்கிலி ஏரிகளில் மேல் ஊர் கலிங்கை ஒரு முழம் உயர்த்திவிட்டால் கீழ் ஊரின் நடவு கெடும். ஊருக்கும் ஊருக்கும் மூண்ட பழைய வழக்குகள் பலவும் இந்த ஒரு முழத்தைப் பற்றியவைதான்.

பழைய ஏரிகளின் மதகில் கவனிக்க வேண்டியது தூம்பு. நீர்ப்பக்கத்தில், கரையிலிருந்து சற்றுத் தள்ளி, இரண்டு கல் தூண்கள் நிற்கும். அவற்றை இணைக்கும் குறுக்குக் கற்களில் துளை இருக்கும். அந்தத் துளை வழியே ஒரு மரக்கழி இறங்கி, அடியில் உள்ள கல் தொட்டியின் வாயை அடைக்கும். கழியைத் தூக்கினால் நீர் சுழன்று இறங்கி, கரைக்கு அடியில் போட்ட கல் குழாய் வழியே வெளியே வரும். வேகமாக வரும் நீர் கரையின் மண்ணைத் தொடாமலே வயல் பக்கம் போய்விடுவதுதான் இந்த அமைப்பின் நுட்பம். அடைப்பைத் தூக்குவதும் இறக்குவதும் நீர்க்கட்டி என்ற ஊர்ப் பணியாளரின் பொறுப்பு. அறுவடையில் அவருக்கு நெல்லாகக் கூலி அளப்பார்கள்.

சோழர் காலத்தில் இந்தப் பகுதிகளை உள்ளூர்த் தலைவர்கள் ஆண்டார்கள். திருக்கோவிலூரைச் சுற்றியது மலையமான்களின் நாடு. கல்வராயனுக்குத் தெற்கே, வசிஷ்ட நதிக்கரையில் ஆறகழூரைத் தலைநகராகக் கொண்டு மகதை மண்டலத்தை வாணகோவரையர்கள் ஆண்டார்கள். 12, 13ஆம் நூற்றாண்டுகளில் சோழப் பேரரசு தளர்ந்தபோது இவர்கள் செல்வாக்கு உயர்ந்தது. திருவண்ணாமலைக் கோயிலுக்குப் பொன் வேய்ந்து பொன்பரப்பினான் என்ற பட்டம் பெற்றவரும் இம்மரபினரே. ஏரி நிர்வாகம் எப்படி நடந்தது என்பதற்குத் தமிழகத்தில் கிடைக்கும் தெளிவான சான்று, முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள். 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்த அவை, ஏரியைக் கவனிக்கவென்றே ஏரி வாரியம் என்ற குழுவைக் குடவோலை மூலம் தேர்ந்தெடுத்ததைச் சொல்கின்றன.

ஏரிகளுக்கு நீர் தந்த மலையின் வரலாறு முற்றிலும் வேறு. அங்கே வாழ்பவர்கள் மலையாளி என்று பெயர் பெற்ற பழங்குடியினர். கேரளத்தோடு தொடர்பில்லாதவர்கள், பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பிகள் மூவர் ஆளுக்கு ஒரு மலையில் குடியேறினார்கள் என்பது அவர்களின் மரபுக் கதை. கரியராமர் அவர்களின் முதன்மைத் தெய்வங்களுள் ஒருவர். சாமை, தினை, மரவள்ளி பயிரிட்டும் கடுக்காய், தேன், புளி சேகரித்தும் வாழ்ந்தார்கள். மலை சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் என்ற மூன்று ஜாகீர்களாக, அதாவது வரி வாங்கும் உரிமை பெற்றவர்களின் பகுதிகளாகப் பிரிந்திருந்தது. விஜயநகர வேந்தர் கிருஷ்ணதேவராயர் தந்த உரிமை என்று ஜாகீர்தார்கள் சொல்லிவந்தார்கள். 1801இல் ஆற்காட்டு நவாபின் நாடு கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்து தென்னாற்காடு மாவட்டம் உருவான பிறகும் மலையில் வரி வாங்கியது ஜாகீர்தார்களே. நாடு விடுதலை பெற்ற பிறகும் அந்த உரிமை உடனே போய்விடவில்லை. 1976இல்தான் ஜாகீர் முறை முடிவுக்கு வந்தது. ஓடைகள் இறங்கிய சமவெளியில் அணைகள் எழுந்து, வாய்க்கால் வெட்டி, நெல் விளைந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், ஓடைகள் பிறந்த ஊர்களில் நிலத்துக்குப் பட்டா இல்லை, போக நல்ல சாலையும் இல்லை. இந்த வட்டாரத்தின் நீர் வரலாற்றை எழுதும்போது விட்டுவிடக்கூடாத செய்தி இது.

சமவெளி ஏரிகளின் நிலையும் 19ஆம் நூற்றாண்டில் தாழ்ந்தது. ஊரே கூடி மண் வாரிக் கரையைச் செப்பனிடும் குடிமராமத்துக்கு, முன்பு விளைச்சலில் ஒதுக்கிய பங்கு இருந்தது. நிலவரி முறை மாறியதும் அந்தப் பங்கு அரசுக் கணக்கில் சேர்ந்தது. உழைப்பு மட்டும் ஊர்க்காரர்களிடம் எதிர்பார்க்கப்பட்டது. 1858இல் சென்னை அரசு கட்டாய உழைப்புச் சட்டத்தைக் கொண்டுவந்து அதைப் பெற முயன்றது. வருவாயை எடுத்துக்கொண்டு கடமையை மட்டும் ஊரில் விட்டுவைத்த இந்த ஏற்பாடு நிற்கவில்லை. தூர் ஏறியது, வரத்துக் கால்வாய்கள் மேடாயின.

விடுதலைக்குப் பின் அரசின் பார்வை அணைகள் மேல் திரும்பியது. தென்பெண்ணையில் 119 அடி சாத்தனூர் அணை 1958இல் நிறைவடைந்தது. கோமுகி ஆற்றுக்குக் குறுக்கே கச்சிராயபாளையம் அருகே 1963இல் தொடங்கிய அணை வேலை 1965இல் முடிந்தது. காமராஜர் ஆட்சியின் கடைசி ஆண்டில் தொடங்கி, பக்தவத்சலம் முதல்வராக இருந்தபோது நிறைவேறிய பணி. மலைச்சரிவு இருபுறமும் கைபோல நீண்டு நிற்க, மீதிப் பக்கத்தை மண் கரை மூடுகிறது. நீர் நிறைந்தால் சுமார் 360 ஹெக்டேர் பரப்பு. கள்ளக்குறிச்சி வட்டாரம் காணக்கூடிய பெரிய ஏரிகளில் இதுவும் ஒன்று.

அணையின் முழு உயரம் 46 அடி, கொள்ளளவு 560 மில்லியன் கன அடி. பருவமழைக் காலத்தில் பாதுகாப்புக்காக 44 அடியில் நிறுத்தி, மேல்வரும் நீரை ஆற்றில் திறந்துவிடுவது வழக்கம். அணைக்கு முன்பே ஆற்றுப் பாசனம் பெற்றுவந்த பழைய ஆயக்கட்டு 5,860 ஏக்கர். அணையால் வந்த புதிய ஆயக்கட்டு 5,000 ஏக்கர். பழையதற்கு நீர் ஆற்றிலேயே போய், சோமண்டார்குடி போன்ற அணைக்கட்டுகளில் திரும்பி ஊர் ஏரிகளை நிரப்புகிறது. புதியதற்குப் பிரதானக் கால்வாய். வழக்கமாக ஐப்பசியை ஒட்டிச் சம்பா சாகுபடிக்கு மதகு திறக்கப்படும்.

இந்த எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புரியும். 10,860 ஏக்கரில் 560 மில்லியன் கன அடி நீரைப் பரப்பினால் 14 அங்குல ஆழம்தான் நிற்கும். ஒரு போக நெல்லுக்கு ஏறத்தாழ 4 அடி நீர் வேண்டும். அணை ஒருமுறை நிறைந்ததைக் கொண்டு மட்டும் இந்த ஆயக்கட்டு விளையாது. மழை நேராக வயலில் பெய்ய வேண்டும், அணை மீண்டும் மீண்டும் நிறைய வேண்டும், வழியிலுள்ள பழைய ஏரிகள் தங்கள் பங்கைத் தேக்க வேண்டும். புதிய அணை பழைய ஏரிகளுக்கு மாற்றாக வரவில்லை. அவற்றின் தலைமாட்டில் வந்து அமர்ந்தது என்பதே சரி. ஏரிகளில் தூர் வாராமல் விட்டுவிட்டு அணை நிரம்பிவிட்டது என்று மகிழ்வதில் பொருளில்லை. 2017இல் தமிழக அரசு குடிமராமத்து என்ற பழைய பெயரிலேயே ஏரி சீரமைப்பை மறுபடி தொடங்கியதன் தேவை இந்தக் கணக்கில் தெரிகிறது.

கோமுகிக்கு வடக்கே, சூளாங்குறிச்சி அருகே மணிமுக்தா அணை 1970 வாக்கில் கட்டி முடிக்கப்பட்டது. உயரம் 36 அடிதான். கொள்ளளவோ சுமார் 737 மில்லியன் கன அடி. தட்டையான நிலத்தில் அகலமாகப் பரவி நிற்பதால் உயரம் குறைந்தும் கோமுகியை விட அதிகம் கொள்கிறது. வெயிலில் ஆவியாகும் இழப்பும் அதற்கேற்ப அதிகம். மலையின் சேலம் பக்கத்தில் பாப்பநாயக்கன்பட்டி அருகே கரியகோவில் அணை, வசிஷ்ட நதிக்குப் போகும் ஓடை நீரைத் தேக்குகிறது.

அணை நீரும் கிணற்று நீரும் சேர்ந்து கரும்பைக் கொண்டுவந்தன. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் அமைந்தன. அரைவைக் காலத்தில் கரும்பு வண்டிகள் ஆலை வாசலில் வரிசை கட்டி நிற்கும்.

சுற்றிப் பார்க்க வருபவர்களுக்கு இந்த நீர் வழியே வழிகாட்டி. கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வந்து முதலில் கோமுகி அணையையும் அதன் கரையோரப் பூங்காவையும் பார்ப்பார்கள். காணும் பொங்கலன்று சுற்றுவட்டார ஊர்கள் கட்டுச்சோற்றோடு இங்கே திரளும். கரைமேல் நின்றால் ஒரு பக்கம் மலை நிழல் விழுந்த நீர், மறுபக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் நெல்லும் கரும்பும். ஓடை எப்படி வயலாகிறது என்பது ஒரே பார்வையில் விளங்கும். அங்கிருந்து வெள்ளிமலைக்கு ஏறும் சாலையில் பெரியார் அருவி. மழைக்குப் பின் சாலையிலிருந்தே அருவியைப் பார்க்கலாம். மேகம் அருவி இதைவிடப் பெரியது, ஆனால் காட்டுவழி நடந்துதான் சேர வேண்டும். கரியாலூரில் தடுப்பணை நீரில் படகு விடுகிறார்கள். வெள்ளிமலை ஒன்றியத் தலைமையிடம். கோடை விழாவும் நடத்தப்படுகிறது. சேலம் பக்கம் இறங்கினால் ஆத்தூர் அருகே முட்டல் ஏரியும் ஆணைவாரி அருவியும் உண்டு.

1993இல் தென்னாற்காடு பிரிந்தபோது விழுப்புரத்தோடு சேர்ந்த இந்தப் பகுதி, 2019 நவம்பர் 26 முதல் கள்ளக்குறிச்சி என்ற தனி மாவட்டம். கல்வராயன்மலை தனி வட்டமானது. 2024இல் கள்ளக்குறிச்சியில் நச்சுச் சாராயம் பல உயிர்களைக் குடித்த பிறகு, சென்னை உயர் நீதிமன்றம் மலைமக்களின் வாழ்நிலையைத் தானே முன்வந்து விசாரணைக்கு எடுத்தது; சாலை, மருத்துவம், நில உரிமை ஆகியவை அங்கே பேசப்பட்டன. அதே ஆண்டின் இறுதியில் ஃபெஞ்சல் புயல் மழை இந்த மாவட்டத்து ஆறுகளில் பெருவெள்ளத்தைக் கொண்டுவந்தது.

அருவிகளும் அணையும் நன்றாக இருப்பது கார்த்திகை முதல் தை வரை. மாசிக்குப் பின் அருவிகள் நூலாக மெலியும், அணை நீர் வயலுக்குப் போய் அடிமண் தெரியும். கனமழை நாட்களில் மலை ஓடைகளில் நீர் சட்டென்று ஏறும் என்பதால், அந்நாட்களில் அருவிகளுக்குச் செல்வதும் ஆற்றில் இறங்குவதும் தடுக்கப்படும்.