புத்தூரில் உள்ள ‘ஊர்’

எலும்பு முறிவுக்கு நாட்டு முறையில் கட்டுப் போடும் இடங்களில் ‘புத்தூர் கட்டு’ என்ற பலகையைத் தமிழ்நாடு முழுக்கப் பார்க்கலாம். அந்தப் புத்தூர் ஆந்திரத்தில், அரக்கோணத்திலிருந்து ரேணிகுண்டா போகும் ரயில் பாதையில் இருக்கிறது. அதன் பெயரின் பின்பாதியான ‘ஊர்’ தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம், துளு ஆகிய ஐந்து மொழிகளுக்கும் பொது. இந்தச் சின்னச் சொல்லை அடித்தளமாக வைத்து நம்மவர்களில் சிலர் எழுப்பும் மாளிகையோ பெரிது. ஈராக்கில் லெனார்டு ஊல்லி 1922 முதல் 1934 வரை தோண்டிய சுமேரிய நகரத்தின் பெயர் ஊர். விவிலியத்தில் ஆபிரகாமின் குடும்பம் புறப்பட்ட இடமும் ஊர். ஆகவே சுமேரியர் பேசியது தமிழ் என்று முடித்துவிடுகிறார்கள். ஒலி ஒத்திருப்பதை மட்டும் வைத்து உறவு கொண்டாட முடியாது. ஒரு மொழியின் ஒலி இன்னொரு மொழியில் எப்படி மாறுகிறது என்பதில் ஓர் ஒழுங்கு தெரிந்தால்தான் உறவைப் பற்றிப் பேசவே தொடங்கலாம். இதைச் சோதித்துப் பார்க்கப் புத்தூரைவிட நல்ல இடம் கிடைப்பது கடினம்.

முதலில் வெளியுலகம். ஹங்கேரிய மொழியில் ‘ஊர்’ என்றால் கனவான், பிரபு. ஜெர்மானியர் கடிகாரத்தை ஏறக்குறைய ‘ஊர்’ என்றே உச்சரிக்கிறார்கள். அது நேரத்தைக் குறிக்கும் ‘ஹோரா’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அதே ஜெர்மன் மொழியில் ஆதியானது, மூலமானது என்ற பொருளில் ஒரு முன்னொட்டும் அதே ஒலியில் உண்டு. அதற்கும் கடிகாரத்துக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. பாஸ்க் மொழியில் ‘உர்’ தண்ணீர். சமஸ்கிருதத்தில் ‘ஊரு’ தொடை. ஓர் உயிரும் ஒரு மெய்யும் சேர்ந்த இவ்வளவு குட்டிச் சொல் உலகின் ஆயிரக்கணக்கான மொழிகளில் பல இடங்களில் தட்டுப்படாமல் போனால்தான் வியப்பு.

பொருளும் ஒத்துப்போகிறதே, சுமேரிய ‘ஊர்’ ஒரு நகரம்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இன்னும் ஒரு படி மேலே போய், சுமேரியத்தில் நகரத்துக்கான பொதுச்சொல்லே ‘உரு’தான் என்றும் வாதிடலாம். ஆனால் அந்தப் பொதுச்சொல்லை ‘இரி’ என்றும் அறிஞர்கள் படிக்கிறார்கள். நகரத்தின் பெயர் சுமேரியத்தில் ‘ஊரிம்’. கடைசி மகரம் பின்னால் உதிர்ந்தது. அதாவது நாம் தமிழோடு ஒப்பிடுவது தேய்ந்துபோன வடிவத்தை. எல்லாவற்றுக்கும் மேலாக, உறவுள்ள மொழிகளில் எண்ணுப்பெயர்களும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கும். சுமேரியருக்கு இரண்டு ‘மின்’, மூன்று ‘எஷ்’, நான்கு ‘லிம்மு’. தமிழ் இரண்டையும் மூன்றையும் தெலுங்கு ‘ரெண்டு’, ‘மூடு’ என்பவற்றோடு வைத்துப் பார்த்தால் வேறுபாடு விளங்கும்.

ஒரே குடும்பத்துக்குள்ளும் ஒலி ஏமாற்றும். தெலுங்கில் ‘ஊரு’ என்றால் ஊர்; ‘ஊரு’ என்றால் ஊறுதலும்தான். ஊறுகாயை அவர்கள் ‘ஊரகாய’ என்கிறார்கள். பழைய தெலுங்கில் இதற்கு வல்லின றகரம் இருந்தது. பின்னாளில் அது இடையின ரகரத்தோடு கலந்துவிட்டது. தமிழ் எழுத்தில் அந்தப் பிரிவு நிலைத்ததால்தான் இவை இரண்டு சொற்கள் என்று நமக்குப் பார்த்ததும் தெரிகிறது.

இனிப் பெயரின் முன்பாதி. புதுமையும் ஊரும் புணர்ந்தால் புத்தூர் என்பது இலக்கண மாணவர்களுக்குப் பழகிய கணக்கு. புற்று நிறைந்த இடம் புற்றூராகி, பேச்சில் புத்தூர் ஆகியிருக்கலாம் என்பது எதிர்வாதம். இதை எளிதில் தள்ள முடியாது. பக்கத்துச் சித்தூரே சிற்றூரிலிருந்து அப்படி வந்ததுதான். ஆனால் தெலுங்குக்காரர் வைத்த புற்றுப் பெயராக இது இருக்க முடியாது. தமிழில் ‘ற்ற’ வரும் இடத்தில் தெலுங்கில் ‘ட்ட’ வருவது வழக்கம்: சுற்று அங்கே ‘சுட்டு’, பற்று ‘பட்டு’, புற்று ‘புட்ட’. அப்படியானால் ஊர் ‘புட்டூரு’ ஆகியிருக்க வேண்டும். தெலுங்கில் புதியது ‘கொத்த’ என்பதால், புது ஊருக்கு அவர்கள் வைக்கும் பெயர் ‘கொத்தூரு’. அந்தப் பெயரில் ஊர்களும் உண்டு. தெலுங்கிலும் இவ்வூரைப் ‘புத்தூரு’ என்றே எழுதுவதால், பெயரிட்டவர்கள் தமிழ் பேசியவர்கள் என்பது உறுதி. புதுமையா புற்றா என்றால் என் தீர்ப்பு புதுமைக்கே. ஸ்ரீவில்லிபுத்தூரை ஆண்டாள் ‘புதுவை’ என்று சுருக்கியிருப்பது, பெயர் அக்காலத்தில் எப்படி விளங்கியது என்பதற்குச் சாட்சி. தேவாரத் தலங்களான அரிசிற்கரைப்புத்தூரும் கடுவாய்க்கரைப்புத்தூரும் ஆற்றங்கரைகளில் புதிதாக எழுந்த குடியிருப்புகளைத்தான் நினைவூட்டுகின்றன. யாழ்ப்பாணத்திலும் ஒரு புத்தூர் இருக்கிறது. புதிய குடியிருப்புகள் எங்கும் தோன்றும். அத்தனை இடத்திலும் புற்றுதான் பெயர் கொடுத்தது என்று நம்புவது கடினம்.

அப்படியென்றால் புத்தூர் தமிழர்க்குரியதா என்ற கேள்வி வரும். தொல்காப்பியப் பாயிரம் வேங்கடத்தை வட எல்லையாகச் சொல்கிறது; திருமலைக் கல்வெட்டுகளில் பெரும்பகுதி தமிழ்; எனவே இந்தப் பெயரில் வியப்பில்லை. ஆனால் பெயர் சொல்வது பெயரிட்டவரை மட்டுமே. இன்று வாழ்பவரின் உரிமையை அது தீர்மானிக்காது. சென்னைக்குத் தாமர்ல சென்னப்ப நாயக்கரால் பெயர் வந்தது என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. அதை வைத்து யாராவது சென்னையைக் கேட்டால் நாம் ஒப்புவோமா? எல்லையை வகுத்தது மொழிவாரிக் கணக்கெடுப்பும் போராட்டமும் பேரமும். ம.பொ.சி. முன்னின்று போராடிய திருத்தணி, எல்லைத் தகராறில் படாஸ்கர் அளித்த தீர்ப்பின்படி 1960 ஏப்ரல் 1 அன்று அன்றைய சென்னை மாநிலத்துக்கு வந்தது. புத்தூர் நகரம் ஆந்திரத்தில் நின்றது. 2022 ஏப்ரல் முதல் அது திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது.